மைக்கைப் பாத்தாலே நடுக்கமா?

கேள்வி: பையன் ஸ்கூல் ஆண்டு விழாவுல பெற்றோர் சார்பா ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லிட்டாங்க. மைக்கைப் பாத்தாலே கை நடுங்குது, தொண்டை வறண்டு போகுது. என்ன பண்றது?
– வாசகி, திருச்சி

பதில்: நடுங்கட்டும்மா, அது பயத்துல உடம்புல சுரக்குற அட்ரினலின்ங்கற ஹார்மோன் பண்ற வேலை, பேச ஆரம்பிச்சா கொஞ்சங் கொஞ்சமா அடங்கிடும். காந்தியே பம்பாய்ல மொத கேஸ்ல குறுக்கு விசாரணைக்கு எந்திரிச்சு, ஒரு கேள்வி கூட வாய்ல வராம உக்காந்தவருதான், 30 ரூபா ஃபீஸயும் திருப்பிக் குடுத்துட்டாரு. முழுசா மனப்பாடம் பண்ணாதீங்க, நடுவுல ஒரு வார்த்தை மறந்தா மொத்தமும் போச்சு. மொத ரெண்டு வரிய மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற மாதிரி வச்சுக்கிட்டு மிச்சத்துக்குக் குறிப்பு எழுதிக்கோங்க, அதுவும் மெல்லிசு பேப்பர்ல வேணாம், நடுக்கம் பளிச்னு தெரியும், கெட்டி அட்டைல பெரிய எழுத்துல எழுதுங்க. மைக்க ஸ்டாண்டுலயே விட்டுருங்க. அப்புறம் "எனக்குப் பேச வராது"ன்னு மட்டும் தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க, கேட்டுக் கேட்டு புளிச்சுப் போச்சு!