வெல்டிங்கில் தகடு கோணுவது: கணினிக் கணிப்புக்கு மறுபடியும் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: 10 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு சட்டம் (ஃபிரேம்) செய்தோம். கணினிக் கணிப்பு 2 மி.மீ. வளையும் என்றது, வெல்டிங் முடிந்து அளந்தால் 7 மி.மீ. அறிக்கை தந்தவர் பட்டறையைக் குறை சொல்லி, மறுபடியும் கணிக்கப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். ஆம்பியர், வோல்ட், வெல்டிங் வேகம், டாக் (தகடுகளை நிறுத்திவைக்கும் சிறு தற்காலிக வெல்டு) போட்ட இடங்கள், எந்தப் பக்கம் முதலில், கிளாம்பை எப்போது கழற்றினீர்கள் என்பதையெல்லாம் அவர் கேட்டாரா? வரைபடத்தை மட்டும் வாங்கிச் சென்றிருந்தால், அவர் கணித்தது உங்கள் சட்டத்தை அல்ல.

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதை விடாது. இந்த இழுபறியில் ஒரு பங்கு வளைவாக வெளிப்படும், மீதி தகைவாக, அதாவது உள் இறுக்கமாக, உள்ளேயே தங்கும். ஆகவே வெப்பக் கணக்கு பிசகினால் அதற்குப் பின் வருவதெல்லாம் பிசகும். 200 ஆம்பியர், 25 வோல்ட், நொடிக்கு 5 மி.மீ. வேகம் என்றால் ஒரு மி.மீ. வெல்டுக்கு 1,000 ஜூல் ஆற்றல். வெல்டர் 4 மி.மீ. வேகத்தில் போனாலே அது 1,250 ஆகிவிடும். வெல்டு செய்த மாதிரித் துண்டை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால் உருகிய பகுதியின் எல்லை தெரியும். அது கணிப்பில் வந்த எல்லையோடு பொருந்துகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவர் வேறொருவரிடம் செய்வித்து வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகராகவும் இருக்கலாம். அறிக்கையின் வண்ணப் படத்தில் வளைவைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது வழக்கம் என்பதால், படத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். ஒப்புதல் தரும் அதிகாரிகள் சிலரோ அறிக்கை இணைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். உள்ளீட்டுத் தரவை ஒரு பக்கமாவது இணைக்க வேண்டும் என்று விதி போட அவர்களுக்கு என்ன தடை?

உங்கள் சட்டத்தில் மூன்று, நான்கு மி.மீ. மெல்லிய தகடு அகலமாக எங்காவது இருந்தால், அதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே வெல்டின் சுருக்கம் தகட்டின் நடுப்பகுதியை நெருக்க, தகடு தாங்கும் வரை தாங்கிவிட்டுத் திடீரென உப்பிக்கொள்ளும். சிறு வளைவுகளுக்கென எழுதப்பட்ட எளிய கணக்கில் இந்த உப்பல் தென்படவே தென்படாது. பெரிய உருமாற்றத்தைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தாலும், மேல்நோக்கி உப்புமா கீழ்நோக்கியா என்பது தகட்டில் முன்பே இருந்த சிறு நெளிவைப் பொறுத்தது. அந்த நெளிவை அளந்து தராமல் திசையைக் கேட்பதில் பயனில்லை.

அடுத்த முறை, எத்தனை மி.மீ. வளையும் என்று கேட்பதைவிட, இரண்டு மூன்று வெல்டிங் வரிசைகளில் எது குறைவாகக் கோணும் என்று கேளுங்கள். கணிப்பு அதில்தான் அதிகம் உதவும். ஓர் இணைப்பை மட்டும் முதலில் செய்து அளந்து, கணிப்பு அதோடு ஒத்துப்போன பிறகே மீதிப் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.