மூன்றாம் சுற்றில் விட்ட கோட்டை

கேள்வி: 2021-இல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபார்ட்டிநைனர்ஸ் மூன்று முதல் சுற்று பிக்குகளை (தேர்வு வாய்ப்புகளை) அள்ளிக் கொடுத்து, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக டிரே லான்ஸை எடுத்தது. அவர் தேறவில்லை. 2024-இல் அணி 6–11 (6 வெற்றி, 11 தோல்வி) என்று சரிந்ததற்கு அதுதானே மூல காரணம்? கடைசி பிக்கில் இப்போதைய குவார்ட்டர்பேக் பிராக் பர்டியைக் கண்டெடுத்த மூளை, லான்ஸ் விஷயத்தில் எங்கே போனது? 2025 டிராஃப்ட்டுக்கு ஆளாளுக்கு மார்க் போட்டார்களே, நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?
– வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: முதலில் அந்த ‘மூளை’யைப் பார்த்துவிடுவோம். 2022 டிராஃப்ட்டில் அணியின் கையில் ஒன்பது பிக் இருந்தன. 61, 93, 105, 134, 172, 187, 220, 221 என்று எட்டு முறை வாய்ப்பு வந்தது. எட்டு முறையும் பர்டியைத் தாண்டித்தான் போனார்கள். 262-ஆவதாக, அந்த ஆண்டின் கடைசி ஆளாக எடுத்தார்கள். அவர் இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆவார் என்று தெரிந்தவர்கள் எட்டு முறை பொறுத்திருப்பார்களா? அதிர்ஷ்டம்தான். வந்த அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

இனி லான்ஸ். ஏமாந்துபோய் அதிக விலை கொடுத்தார்கள் என்ற பேச்சு பாதிதான் உண்மை. பிக்குகளை மாற்றிக்கொள்ள ஒரு புள்ளி அட்டவணை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதில் 3-ஆவது பிக்குக்கு 2200 புள்ளி, 12-ஆவதுக்கு 1200. இடைவெளி 1000. அதை நிரப்ப 2022, 2023 முதல் சுற்று பிக்குகளும், 2022 மூன்றாம் சுற்று பிக் ஒன்றும் மயாமிக்குப் போயின. அந்த இரண்டு முதல் சுற்று பிக்குகளும் கடைசியில் 29-ஆவது இடத்தில் வந்து விழுந்தன. தலைக்கு 640 புள்ளி. அடுத்த ஆண்டு பிக்கை ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது சந்தை வழக்கம். அப்படிக் கழித்துப் பார்த்தால் பேரம் ஏறக்குறைய நியாயம்தான்.

தப்பு வேறு இடத்தில். லான்ஸ் கல்லூரியில் தொடக்க குவார்ட்டர்பேக்காக ஆடியது 17 ஆட்டங்கள், அதுவும் நார்த் டகோட்டா ஸ்டேட்டுக்காக, இரண்டாம் தட்டுப் போட்டியில். 2019-இல் 28 டச்டவுன் (புள்ளி தரும் வீச்சு) வீசி ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிரணி கையில் சிக்கும் வீச்சு) கொடுக்காதது அழகான கணக்குதான். ஆனால் 2020-இல் அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். இவ்வளவு குறைந்த சான்றை வைத்துக்கொண்டு 15-ஆவது இடத்தில் ஒருவரை எடுக்கலாம். மூன்று முதல் சுற்றைப் பணயம் வைக்கக் கூடாது. பிறகு 2022-இன் இரண்டாவது ஆட்டத்திலேயே கணுக்கால் முறிந்தது. 2023 ஆகஸ்ட்டில் ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு டல்லஸுக்குப் போனார். கணுக்கால் முறியாமலே இருந்திருந்தாலும் அந்த முடிவு தவறுதான். (கைமாறிக் கைமாறி அந்த 12-ஆவது பிக் டல்லஸிடம் சேர்ந்து மைக்கா பார்சன்ஸ் ஆனது. வயிற்றெரிச்சல் வேண்டுவோர் அதை நினைத்துக்கொள்ளலாம்.)

ஆனால் 6–11-க்கு லான்ஸைக் கூண்டில் ஏற்றாதீர்கள். அந்த மூன்று பிக்கும் இல்லாமலேயே 2023 சீசனில் அணி சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை போய், கூடுதல் நேரத்தில் 25–22 என்றுதான் கேன்சஸ் சிட்டியிடம் தோற்றது. ஜார்ஜ் கிட்டில் ஐந்தாம் சுற்று, ஃப்ரெட் வார்னர் மூன்றாம் சுற்று, டிரே கிரீன்லா, டலனோவா ஹுஃபாங்கா இருவரும் ஐந்தாம் சுற்று. அணியைத் தாங்கியவர்கள் இவர்கள். அதே இடங்களில்தான் பின்னால் கோட்டை விட்டார்கள். 2021-இல் 88-ஆவது பிக்கில் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) டிரே செர்மன். ஒரே ஆண்டில் வெளியே. அடுத்த ஆண்டு 93-ஆவதில் இன்னொரு ரன்னிங் பேக், டைரியன் டேவிஸ்-பிரைஸ், அவரும் நிலைக்கவில்லை. ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டதோ ஆறாம் சுற்றில் வந்த எலைஜா மிட்செலும், டிராஃப்ட்டில் யாருமே எடுக்காத ஜோர்டன் மேசனும். 2023-இல் 99-ஆவது பிக்கை, பந்தை உதைக்க மட்டும் வரும் ஒரு கிக்கருக்குக் கொடுத்தார்கள்! அந்த ஜேக் மூடி 2025-இன் முதல் ஆட்டம் முடிந்ததும் நீக்கப்பட்டார். 2024-இல் காயங்களும் சேர்ந்துகொண்டன. முதன்மை ரன்னிங் பேக் மக்காஃப்ரி ஆடியது நான்கே ஆட்டம். ஆட்கள் விழும்போது இட்டு நிரப்ப வேண்டியவர்கள் மூன்றாம், நான்காம் சுற்றில் வந்த இளையவர்கள். அந்த வரிசையே காலியாகக் கிடந்தது.

இந்த வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சம்பளம். 2023-இல் ஓர் அணியின் ஊதிய உச்சவரம்பு 22.48 கோடி டாலர். பர்டிக்கு அந்த ஆண்டு சம்பளம் 8.7 லட்சம் டாலர். அரை சதவீதம்கூட இல்லை. அந்த மிச்சத்தில்தான் தடுப்பாட்டக்காரர்களான ஹார்கிரேவை 8.4 கோடிக்கும், நிக் போசாவை 17 கோடிக்கும் ஒப்பந்தம் செய்ய முடிந்தது. 2025 மே மாதம் பர்டிக்கே ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி. அந்தச் செலவு வருகிறது என்று தெரிந்துதான் மார்ச்சிலேயே வீட்டைக் காலி செய்தார்கள்: டீபோ சாமுவேல் ஒரு ஐந்தாம் சுற்று பிக்குக்கு வாஷிங்டன் போனார், ஹுஃபாங்காவும் கிரீன்லாவும் டென்வர், வார்ட் இண்டியானபோலிஸ், ஹார்கிரேவ் நீக்கம். ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போனவர்களுக்கு அடுத்த ஆண்டு ஈட்டு பிக் கிடைக்க வழி உண்டு. அணியே நீக்கியவருக்குக் கிடையாது. ஆகவே ‘யார் போனார்’ என்பதோடு ‘எப்படிப் போனார்’ என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டிராஃப்ட் இரவு மார்க்கை நான் போடுவதில்லை. யாரும் போடக் கூடாது. அது பத்திரிகைகளின் பட்டியலோடு அணியின் பட்டியல் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மட்டுமே. அதற்குப் பதிலாக அணியின் 53 பேர் பட்டியலை எடுத்து ஒவ்வொருவர் எதிரிலும் வயதையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் எழுதுங்கள். இரண்டு ஆண்டில் எந்த இடம் காலியாகும் என்று தெரியும். நல்ல அணி அதற்குத்தான் இன்று ஆள் எடுக்கும். இன்னொன்று: புதியவரின் சம்பளத்தை முடிவுசெய்வது பிக் எண், ஆடும் இடம் அல்ல. 11-ஆவதாக யாரை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். 2023-இல் போசா போன்ற முன்னணி எட்ஜ் ரஷரை (ஓரத்திலிருந்து பாய்ந்து எதிரணி குவார்ட்டர்பேக்கைத் தாக்குபவர்) சந்தையில் வாங்க ஆண்டுக்கு 3.4 கோடி ஆனது, ரன்னிங் பேக் அதில் பாதிக்கே கிடைத்தார். மேலே இருக்கும் பிக்கில் எந்த இடத்துக்கு ஆள் எடுத்தால் மிச்சம் அதிகம் என்பது இதிலேயே இருக்கிறது.

அந்த வகையில் 11-ஆவது பிக்கில் எட்ஜ் ரஷர் மைகெல் வில்லியம்ஸை எடுத்தது சரியான கணக்கு. முதல் ஐந்து பிக்கும் தடுப்புக்கே போனதிலும் குறை சொல்ல மாட்டேன். போனவர்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம். என் குறை வேறு. இடது டேக்கிள் டிரெண்ட் வில்லியம்ஸுக்கு 2025 ஜூலையில் 37 வயது. 2024-இல் பத்து ஆட்டத்தோடு அவர் சீசன் முடிந்தது. அப்படியிருந்தும் 2025-இல் ஆஃபென்சிவ் லைனுக்கு (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) எடுத்த ஒரே ஆள், ஏழாம் சுற்றில் ஒரு கார்டு (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்). 2018-இல் மைக் மக்லிஞ்சியை எடுத்த பிறகு 2025 வரை முதல் சுற்றில் இந்த வரிசைக்கு ஒருவரையும் எடுக்கவில்லை. 26.5 கோடி டாலர் குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பது அந்த இடது டேக்கிள்தான்.