ஹேவ்லாக் போகிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

டிசம்பர் லீவுக்கு அந்தமான் டிக்கெட் போட்டுவிட்டு ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு) பற்றி ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேளச்சேரி தம்பி: அண்ணா, நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் போவது) செய்யலாமா?

தாராளமாக. பயிற்சியாளர் உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட வருவார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். முதலில் ஆழமில்லாத தண்ணீரில் வாயால் மட்டும் மூச்சுவிடப் பழக்குவார்கள், மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றச் சொல்லித் தருவார்கள், பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான், ரெண்டு தடவை செய்தால் பழகிவிடும். காதுதான் முக்கியம்: வலி வரும்வரை காத்திருக்காமல், இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக்கொண்டே இருங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். ஆஸ்துமா இருந்தால், டைவுக்கு முன்னால் நிரப்பச் சொல்லும் உடல்நலப் படிவத்தில் மறைக்காதீர்கள்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: ஞாயிறு காலை டைவ், அன்று சாயங்காலமே சென்னை ஃபிளைட். சரிதானே?

கூடவே கூடாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும். ஒரே டைவ் என்றாலும் 12 மணி நேரம், அதற்கு மேல் டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். டைவை முன்னாலேயே முடித்துவிட்டு, தரையில் சுற்றிப் பார்க்கிற செல்லுலார் சிறையைக் கடைசி நாளுக்கு வையுங்கள்.

பெரம்பூர் அக்கா: அம்மாவுக்கும் கடலுக்கடியில் பார்க்க ஆசை. மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாதே?

அப்படியென்றால் சீ வாக், அதாவது கடல் தரையில் நடப்பது. பெரிய ஹெல்மெட்டுக்குள் மேலிருந்து காற்று வந்துகொண்டே இருக்கும், தண்ணீர் கழுத்துக்கு மேல் ஏறாது, கண்ணாடியோடே இறங்கலாம். பிபி, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். மற்றபடி சின்னப் பசங்களுக்கு இது போரடிக்கும், நின்ற இடத்திலேயே போட்டோதான். அவர்கள் எலிஃபன்ட் பீச்சில் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் வைத்து மேலாக மிதந்தபடி பார்ப்பது) போகட்டும்.

அண்ணாநகரிலிருந்து: ராதாநகர் பீச்சுக்கு ஆறு மணிக்குப் போனால் அஸ்தமனம் பார்க்கலாமா?

இருட்டைப் பார்க்கலாம்! அந்தமான் நமக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், கடிகாரம் மட்டும் நம்முடையது. டிசம்பரில் ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். நாலுக்கே போய் உட்காருங்கள். மெரினாவில் கடலிலிருந்து உதிப்பதைத்தான் பார்த்திருப்போம், ராதாநகர் மேற்கு பார்த்த கரை.

அவரே: முதலை உண்டு என்கிறார்களே?

உண்டு. 2010-ல் அந்தப் பக்கம் ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றிருக்கிறது. கடற்கரைக் காவலர் விசிலடித்தால் சண்டை போடாமல் வெளியே வாருங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: பவழத்துண்டு எடுத்து வரலாமா?

செத்த பவழமானாலும் தொடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஏர்போர்ட்டில் பையை ஸ்கேன் செய்யும்போது மாட்டுவீர்கள். கடையில் சங்கு வாங்கினால் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.