ஏறுவது சிம்பாங் பூலாய், இறங்குவது தாப்பா

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து நண்பர்கள் நால்வர் மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இருவர் அறுபதைத் தாண்டியவர்கள். எங்கள் ஏழு பேர் வண்டியில் மூன்று நாளில் பழைய கட்டடங்களையும் கேமரன் மலையையும் காட்ட வேண்டும். மலைக்குத் தாப்பா வழியா, சிம்பாங் பூலாய் வழியா?

பதில்: இரண்டும்தான். ஆனால் மலையையும் கட்டடங்களையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

முதல் நாளை கோலகங்சாருக்குக் கொடுங்கள், பக்கம்தான். உபுடியா பள்ளிவாசல் 1917இல் கட்டி முடிந்தது. ஈப்போ ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பாக்தான் இதற்கும் வரைபடம் போட்டார். யானைகள் இரண்டு மோதி, இத்தாலியிலிருந்து வந்த பளிங்கை நொறுக்கியதில் வேலை தாமதமானதாம். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். பெண்கள் கையில் ஒரு துப்பட்டா இருக்கட்டும்.

அதே ஊரில், மாவட்ட அலுவலகம் அருகே வேலி போட்ட ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877இல் அங்கே நட்ட 9 கன்றுகளில் மிஞ்சியது. பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றியது இந்தப் பால்மரம்தான் என்று சொல்லிக் காட்டுங்கள். எந்தக் கோபுரத்தைவிடவும் அவர்களுக்கு இது நினைவில் நிற்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாம் நாள், லேசாகப் பசியாறிவிட்டுக் காலையிலேயே கிளம்புங்கள். ஈப்போவைத் தாண்டி சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கம்போங் ராஜா வழியாக ஏறுங்கள். அகலமான சாலை, வளைவுகளும் நீளமானவை. வயதானவர்களுக்குத் தலைசுற்றல் குறையும். வாந்தி வருபவரை முன்னிருக்கையில் உட்கார வையுங்கள். மாத்திரை போடுபவர் மலையடிவாரத்தில் போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கமாக ஏறினால் பிரிஞ்சாங் வருமுன்பே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் வந்துவிடும். 1929இல் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்துடையது. திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும். இரவு தானா ராத்தாவில் தங்கலாம். குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல்லுங்கள்.

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் இந்தத் திட்டமே உடைந்துவிடும். பிரிஞ்சாங்கில் வண்டிகள் நகராது. நாள் குறிக்கும்போதே வார நாளாகப் பாருங்கள்.

மூன்றாம் நாள் காலையிலேயே ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்குங்கள். பிற்பகலில் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் அந்தக் குறுகிய, வளைந்து வளைந்து போகும் பழைய சாலையில் எதிரே வரும் லாரி கடைசி நொடியில்தான் தெரியும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்; ஆட்டோ கியர் வண்டியானாலும் தாழ்ந்த கியருக்கு மாற்றுங்கள். தமிழ்நாட்டிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், நண்பர் ஆசையாகவும் கேட்பார். கொடுக்காதீர்கள். வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி சாலையோரமே விழுகிறது, காலை நனைத்துக்கொள்ளலாம்.

தாப்பாவிலிருந்து வீடு திரும்பும் வழியில் கோப்பேங்கில் வெளியேறினால், பத்து காஜா சாலையில் கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்துக்காரரான தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கினார். 1926இல் லிஸ்பனில் இறந்தார். வீடு பாதியில் நின்றது. பலரும் மாளிகையைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஸ்மித்திடம் கட்டட வேலை செய்த தமிழர்கள் நோயில் மடிந்தபோது, எஞ்சியவர்கள் கேட்டதால் அவர் கட்டிக்கொடுத்தது என்கிறார்கள். மேலே சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட துரை ஒருவர் நிற்பார், அவரைத் தேடச் சொல்லுங்கள். மாளிகைப் படிகள் செங்குத்து. முட்டிவலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டு கோயிலுக்குத் தெம்பை மிச்சம் வைக்கட்டும்.