கிளட்ச் கேபிள் மாற்றியும் ரிவர்ஸ் கியர் விழவில்லையா?

நண்பரே, பழைய மாருதி 800-இல் புது கிளட்ச் கேபிள் போட்டும் ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரக்கிறது என்கிறீர்கள். ஒருவரைக் கிளட்ச் பெடலை மிதிக்கச் சொல்லி, கியர்பாக்ஸ் வெளியே கேபிள் இழுக்கும் ஆர்மைப் பாருங்கள். அது நன்றாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லையென்றால் கோளாறு உள்ளேதான். உங்கள் மெக்கானிக் சொன்னபடி ஃபோர்க்காக, அதாவது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவையாக இருக்கலாம்.

அந்த ஃபோர்க்குக்கு வெல்டிங் வைக்கலாம் என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நான் வைத்துப் பார்த்தேன், மூன்றே மாதத்தில் அதே இடத்தில் வெல்டிங் விட்டுப்போனது. மறுபடி கியர்பாக்ஸ் இறக்கிய கூலிதான் வலித்தது. இறக்கும்போதே ரிலீஸ் பேரிங், ஃபோர்க் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் இரண்டையும் மாற்றிவிடுங்கள், கிளட்ச் பிளேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஃபோர்க்கில் பேரிங் உட்காரும் நுனிகளை விரலால் தடவுங்கள், தேய்மானம் கையிலேயே தட்டுப்படும். புதியதில் அங்கே துளி கிரீஸ் போதும். அதிகமானால் பிளேட்டில் தெறித்துக் கிளட்ச் வழுக்கும். அப்புறம், பெடலில் கொஞ்சம் ஃப்ரீ ப்ளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் இடைவெளி, விடச் சொல்லுங்கள்.