கையெழுத்துக்கு முன்னே ஓடிய கால்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 1863 ஜனவரி 1 அன்று ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அமெரிக்காவில் அடிமை முறையை முழுவதுமாக ஒழித்துவிடவில்லை என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வடசென்னையிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அடிமை முறையை ஒழித்தவர் லிங்கன் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பிரகடனம் ஒழிக்கவில்லை என்றால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? அவர் மனமார விரும்பிச் செய்தாரா, போரில் வெல்வதற்காகச் செய்தாரா?
*– பள்ளி ஆசிரியர் ஒருவர், தண்டையார்பேட்டை*

லிங்கன் பெயரைப் பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டாம். அவரைத் தனி ஆளாக நிறுத்தவும் வேண்டாம். 1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது அந்நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். 11 தென் மாநிலங்கள் பிரிந்து போயின. ஆனால் அடிமை முறை நடப்பில் இருந்த டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கும் ஒன்றியத்தோடு, அதாவது லிங்கன் தலைமையிலான அமெரிக்க அரசோடு, நின்றன. இந்த நான்கும் கைநழுவிவிட்டால் தலைநகர் வாஷிங்டனைக் காப்பதே கடினமாகிவிடும். அதனால்தான் 1861 ஆகஸ்டில் மிசௌரியில் தளபதி ஃப்ரீமான்ட்டும், 1862 மே மாதத்தில் தென் கரோலினா கடற்கரையிலிருந்து தளபதி ஹன்டரும் தாங்களாகவே பிறப்பித்த விடுதலை ஆணைகள் செல்லாதவாறு லிங்கனே தடுத்தார்.

இதே லிங்கன்தான் 1862 ஜூலை 22 அன்று தம் அமைச்சரவையின் முன்னால் விடுதலைப் பிரகடனத்தின் வரைவைப் படித்துக் காட்டினார். போர்க்களத்தில் ஒரு வெற்றி கிடைக்கும்வரை பொறுத்திருங்கள், இல்லையேல் தோல்விக்கு அஞ்சிச் செய்ததாகத் தோன்றும் என்று வெளியுறவு அமைச்சர் செவார்ட் சொன்னதால் அந்த வரைவு இழுப்பறைக்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஒன்றியத்தைக் காப்பதே தம் முதன்மை நோக்கம் என்றும், ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் அதைச் செய்ய முடிந்தால் அப்படியே செய்வேன் என்றும் லிங்கன் குறிப்பிட்டார். லிங்கனுக்கு அடிமைகள்மீது அக்கறை இல்லை என்று வாதிடுவோர் எடுத்துக்காட்டுவது இந்தக் கடிதத்தைத்தான். வரைவு அப்போதே எழுதப்பட்டு முடிந்திருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. செப்டம்பர் 17 அன்று நடந்த ஆன்டீட்டம் போரை அடுத்துத் தென்படை பின்வாங்கியது. ஐந்தே நாளில் முன்னறிவிப்புப் பிரகடனம் வெளியாயிற்று.

பிரகடனம் போர்க்காலப் படைத்தலைவர் என்ற அதிகாரத்தில் பிறப்பிக்கப்பட்டது. ஆகவே கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. மேற்சொன்ன நான்கு மாநிலங்களுக்கும், டென்னசிக்கும், ஒன்றியப் படையின் கையில் இருந்த வேறு சில பகுதிகளுக்கும் பொருந்தவில்லை. போர் முடிந்தபின் நீதிமன்றத்தில் அது நிற்குமா என்ற ஐயமும் இருந்தது. அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு வந்ததே அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம். மேலவை 1864 ஏப்ரலில் அதை ஏற்றது. கீழவையில் ஜூனில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் தோற்றது. 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்ற கணக்கில் நிறைவேறியது. அன்றிருந்த 36 மாநிலங்களில் 27ஆவது மாநிலம் டிசம்பர் 6 அன்று ஒப்புதல் அளித்தபோதுதான் அது சட்டமாயிற்று. லிங்கன் சுட்டுக்கொல்லப்பட்டு அப்போது ஏழு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. மனமாரவா, போருக்காகவா என்று கேட்டீர்கள். இந்தத் தேதிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டு, அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.

நான் விசைப்படகு ஓட்டுபவன். அடிமைகள் சிலர் எதிரியின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பியதாகப் படித்தேன். காவல் உள்ள துறைமுகத்தில் யார் கண்ணிலும் படாமல் எப்படி வெளியேற முடியும், ஐயா?
*– வாசகர் ஒருவர், காசிமேடு*

எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டேதான் வெளியேறினார்கள். அதில்தான் அவர்கள் சாமர்த்தியம் இருக்கிறது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளான்டர் என்ற நீராவிக் கப்பல் தென்படைக்குப் பீரங்கிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அதில் சுக்கான் பிடித்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற 23 வயது அடிமை. 1862 மே 12 இரவு வெள்ளை அதிகாரிகள் மூவரும் விதியை மீறிக் கரைக்குத் தூங்கப் போய்விட்டார்கள். விடிவதற்கு முன் ஸ்மால்ஸும் கூட்டாளிகளும் கொதிகலனை மூட்டிக் கொடியை ஏற்றினார்கள். வேறொரு துறையில் ஒளிந்து காத்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார்கள். வழியில் இருந்த கோட்டைகளில் மிகவும் அஞ்ச வேண்டியது சம்டர் கோட்டை. அதைக் கடக்கும்போது ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு, அவர் நிற்கும் பாணியிலேயே நின்றபடி, வழக்கமான ஊதல் சைகையைப் பிசகாமல் ஒலித்தார். கோட்டைக் காவலர்கள் போகவிட்டார்கள். பீரங்கி எட்டாத தொலைவுக்குப் போனதும் கொடியை இறக்கிவிட்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள்; முற்றுகையிட்டிருந்த ஒன்றியக் கப்பல் சுடப் போகும் தருவாயில் அதைப் பார்த்து நிறுத்தியது. அந்தக் கால்வாயில் எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு, எங்கே வெடிகள் என்பதெல்லாம் ஸ்மால்ஸ் தலையில் இருந்தன. கப்பலைவிட அது பெரிய பரிசு. பிற்காலத்தில் அவர் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை உறுப்பினரானார்.

இது ஒரு வீரச் செயல் மட்டுமன்று. ஓராண்டுக்கு முன்பே, 1861 மே மாதத்தில், ஃப்ராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் இரவில் படகேறி வர்ஜீனியாவிலிருந்த மன்ரோ கோட்டையில் ஒன்றியப் படையிடம் அடைக்கலம் புகுந்தார்கள். தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடப்பில் இருந்தது. உரிமையாளரின் ஆள் அதைச் சொல்லிக் கேட்டும் வந்தான். தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வழக்கறிஞர். நீங்கள்தான் வேறு நாடு என்று பிரிந்துவிட்டீர்களே, பிறகு எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எதற்கு என்று கேட்டு அனுப்பிவிட்டார். எதிரிக்குப் பீரங்கி மேடை கட்டிய ஆட்கள் என்பதால் அவர்களைப் போர்ப் பறிமுதல் என்று கணக்கில் வைத்தார். மனிதரைப் பொருளாகக் கருதும் அதே தர்க்கத்தை உரிமையாளர்மீதே திருப்பிவிட்ட வேலை அது. அழகானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பலித்தது. செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாக மக்கள் வரத் தொடங்கினார்கள். ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் முதல் பறிமுதல் சட்டத்தை இயற்ற வேண்டியதாயிற்று. 1862 ஜூலையில் அதைவிடக் கடுமையான இரண்டாம் சட்டம் வந்தது. சட்டம் தவணை தவணையாக வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் யாரோ ஓடி வந்திருந்தார்கள். பிரகடனத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் போரால் நம் நாட்டுப் பருத்திக்கு ஏற்றம் வந்தது என்கிறார்களே?
*– வாசகர் ஒருவர், பெரம்பூர்*

வந்தது, நிலைக்கவில்லை. தென் மாநிலத் துறைமுகங்களை ஒன்றியக் கடற்படை முற்றுகையிட்டதால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோயிற்று. இந்தியப் பஞ்சின் விலை மளமளவென்று ஏறியது. பம்பாய் வணிகர்கள் கொழித்தார்கள். 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து பலர் திவாலானார்கள். உங்கள் பகுதியின் பக்கிங்ஹாம் ஆலை தொடங்கியது 1876இல்தான் என்பதால் அந்த ஏற்றத்திலும் சரிவிலும் அதற்குப் பங்கில்லை.

தொழிலாளி என்ற முறையில் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. பஞ்சு இல்லாமல் ஆலைகள் மூடி, லங்காஷயரில் லட்சக்கணக்கானோர் நிவாரணக் கஞ்சிக்கு நின்ற காலம் அது. முற்றுகையை உடைக்க இங்கிலாந்து தலையிட வேண்டும் என்று கேட்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. அப்படிக் கேட்டவர்களும் அங்கே இருந்தார்கள். ஆயினும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் நடத்தி, அடிமை முறையை ஒழிக்கும்படி லிங்கனுக்கு எழுதினார்கள். ஜனவரி 19 அன்று லிங்கன் அவர்களுக்கு நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார்.

கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் சம உரிமையோடு சேர்க்கப்பட்டார்களா? பெண்களுக்கு இந்த இயக்கத்தில் பங்கு உண்டா?
*– கல்லூரி மாணவி ஒருவர், வியாசர்பாடி*

ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியத் தரைப்படையில் பணியாற்றினார்கள். அடிமையாயிருந்து தப்பி, எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராக ஆள் சேர்த்தார். தம் புதல்வர்களையும் மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவுக்கு அனுப்பினார். ஆனால் சம்பளத்தில் வஞ்சகம் நடந்தது. வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பின வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம் போக 7 டாலர். 54ஆம் படைப்பிரிவினர் அந்தக் குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்தார்கள். மீதித் தொகையை நாங்கள் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் அரசு முன்வந்தபோதும் அவர்கள் இசையவில்லை. ஊரில் குடும்பங்கள் பட்டினி கிடக்க, சம்பளமே வாங்காமல் போரிட்டார்கள். தென் கரோலினா படைப்பிரிவு ஒன்றின் சார்ஜன்ட் வில்லியம் வாக்கர், சம ஊதியம் தராத இராணுவத்துக்கு வேலை செய்ய மாட்டோம் என்று தம் ஆட்களோடு துப்பாக்கிகளைக் கீழே அடுக்கிவைத்தார். அது கலகம் என்று தீர்ப்பாகி 1864 பிப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். நாடாளுமன்றம் சம ஊதியச் சட்டத்தை அதே ஆண்டு ஜூனில்தான் இயற்றியது.

பெண்களின் பங்கு பெரிது. வாக்குரிமையே இல்லாத நிலையில் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் பி. அந்தோனியும் 1863 மே மாதத்தில் ஒரு சங்கம் தொடங்கி, அடிமை முறையை நாடு முழுவதும் ஒழிக்கக் கோரும் மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டினார்கள். முதல் ஒரு லட்சம் கையெழுத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையவை. மாநில வாரியாகச் சுருட்டிக் கட்டிய அந்தத் தாள்களை 1864 பிப்ரவரி 9 அன்று உயரமான இரண்டு கறுப்பினத்தவர் மேலவைக்குள் சுமந்து வந்து உறுப்பினர் சார்ல்ஸ் சம்னரின் மேசைமீது வைத்தார்கள். மொத்தம் 4 லட்சத்தை நெருங்கியது. மனுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று நம் தெருக்களில் அலுத்துக்கொள்வோர் உண்டு. இந்த மனு வந்த இரண்டே மாதத்தில் மேலவை திருத்தத்தை ஏற்றது.

ஜூன் 19 அன்று அமெரிக்காவில் விடுமுறை ஏன்?
*– வாசகி ஒருவர், இராயபுரம்*

1865இல் அந்நாளில்தான் டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் விடுதலை ஆணையை ஒன்றியத் தளபதி அறிவித்தார். பிரகடனம் வெளியாகி இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. 2021 முதல் அது தேசிய விடுமுறை.

அதே காலத்தில் இந்தியாவில் அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் இருந்ததா? எங்கள் பக்கம் அரிசி ஆலைகளிலிருந்து கொத்தடிமைகள் மீட்கப்பட்டதாகச் செய்தி வருகிறதே, அது எந்தச் சட்டப்படி?
*– வாசகர் ஒருவர், செங்குன்றம்*

பிரிட்டன் 1833இல் தன் பேரரசில் அடிமை முறையை ஒழித்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கிவைத்தது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமைமீது ஒருவர் கொண்டாடும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. ஆனால் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862 ஜனவரி 1 அன்று. அமெரிக்காவில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. பண்ணையில் முன்பணம் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைக்கும் வழக்கத்தை இந்தச் சட்டங்கள் அசைக்கவே இல்லை. அமெரிக்கத் திருத்தத்திலும் ஓர் ஓட்டை இருந்தது: குற்றத்துக்குத் தண்டனையாக வேலை வாங்கலாம் என்று விலக்கு வைத்தார்கள். வேலையின்றித் திரிந்ததாகக் கறுப்பினத்தவரைப் பிடித்துக் கைதியாக்கித் தோட்டங்களுக்கு வாடகைக்கு விடத் தென் மாநிலங்கள் அதைப் பயன்படுத்தின.

இன்று நடக்கும் மீட்புகள் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976இன்படி. கென்டக்கி மாநிலம் 13ஆவது திருத்தத்துக்கு ஒருவழியாக ஒப்புதல் தந்ததும் அதே 1976இல்தான். நம் சட்டத்தின்படி கொத்தடிமையாக இருப்பவர் வாங்கிய முன்பணம் அந்தக் கணமே இல்லாமல் போகிறது. அதைத் திருப்பிக் கேட்க உரிமையாளருக்கு வழியில்லை, வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் கொடுக்கலாம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்று தரப்பட வேண்டும், மறுவாழ்வு உதவிக்கு அதுவே அடிப்படை. சான்றைக் கையில் வாங்காமல் ஊருக்கு அனுப்பிவைக்கப்பட்டவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு நீங்களும் ஒரு நடை போய் வாருங்கள்.