பருப்பு வேகாததற்குத் தண்ணீரும் காரணம்: இல்லக் குறிப்புகள், கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகையான ஏமாற்றத்தைச் சொல்கின்றன. அம்மாவோ மாமியாரோ சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தும், வேறு ஊருக்குக் குடிபோன பிறகு அந்த முறை பலிக்கவில்லை என்கிறார்கள். முறையில் குற்றமில்லை, தண்ணீரும் வெயிலும் குளிரும் ஊருக்கு ஊர் வேறு. ஆகவே என்ன செய்வது என்பதோடு, அது ஏன் பலிக்கிறது என்பதையும் கூடியவரை சேர்த்தே எழுதியிருக்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

தஞ்சாவூரில் இருந்தவரை துவரம் பருப்பு மூன்று விசிலில் குழைந்துவிடும். சென்னைப் புறநகருக்கு வந்தபின் ஆறு விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கிறது. கடையை மாற்றியும் பயனில்லை. – வாசகி, தாம்பரம்

வீட்டுக்கு வருவது ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால், பருப்பைவிடத் தண்ணீரின் மீதே எனக்குச் சந்தேகம். அந்த நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுதியாகக் கரைந்திருக்கும். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கொதிநீரில் கரைந்து இளகும்போதுதான் பருப்பு குழைகிறது. கால்சியமோ அந்தப் பெக்டினோடு சேர்ந்து அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகிறது.

உறுதி செய்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே டப்பாவிலிருந்து இரண்டு கைப்பிடிப் பருப்பை எடுத்து, இரண்டு கிண்ணங்களில் போட்டு, ஒன்றில் குடிநீர்க் கேன் தண்ணீரும் மற்றொன்றில் குழாய்த் தண்ணீரும் ஊற்றி, ஒரே குக்கருக்குள் சேர்த்து வேகவையுங்கள். கேன் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் குழைந்திருந்தால் குற்றம் தண்ணீருடையது; இரண்டுமே வேகவில்லை என்றால் பருப்பு நெடுநாள் இருப்பில் கிடந்தது. பருப்பு வேகவைக்க இரண்டு மூன்று தம்ளர் தண்ணீர்தான் வேண்டும் என்பதால், அதற்கு மட்டும் குடிநீரைப் பயன்படுத்துவது பெரிய செலவாகாது. அதே நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் எரிவாயுவும் மிச்சமாகும். கேன் தண்ணீர் கிடைக்காதபோது குழாய் நீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்து, அடியில் வெள்ளையாகப் படிந்ததை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். கடினத்தன்மை முழுவதும் நீங்காவிட்டாலும் ஒரு பகுதி குறையும்.

ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை சேர்த்தால் பருப்பு விரைவில் குழையும் என்பது உண்மைதான். ஆனால் அது பருப்பிலுள்ள வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடுவதால், அன்றாடம் செய்யத்தக்க வழியாக நான் அதைச் சொல்ல மாட்டேன். மற்றொன்றையும் கவனியுங்கள்: தக்காளியையும் புளிக்கரைசலையும் பருப்போடு சேர்த்தே குக்கரில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது. பருப்பு வெந்த பிறகே புளிப்பு சேர வேண்டும். பருப்பு வைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், சில துளி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் பருப்பை வேகவைப்பதில்லை. நுரையை அடக்கி, ஆவித்துளையைப் பருப்புத்தோல் அடைக்காமல் காக்கிறது. பாதுகாப்புக்கு அது மிகவும் முக்கியம்.

சாம்பார் சிந்திய வெள்ளை வேட்டியில் சோப்புப் போட்டுத் தேய்த்ததும் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. வேட்டி பாழாகிவிட்டதா? – வாசகர், ஈரோடு

பாழாகவில்லை, பதற வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தண்ணீர் சிவப்பதற்கு என்ன காரணமோ, அதுவேதான் இதற்கும் காரணம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், காரத்தன்மையுள்ள எதனோடு சேர்ந்தாலும் சிவக்கும். துணி சோப்பு காரத்தன்மை உடையது. சோப்பு போக நன்றாக அலசிவிட்டால் கறை பழையபடி மஞ்சளாகும்.

சாம்பார்க் கறையில் எண்ணெயும் கலந்திருப்பதால், முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது விட்டு மெதுவாகக் கசக்கி எண்ணெயை நீக்குங்கள். பிறகு அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப்போடுங்கள். குர்குமின் ஒளியைத் தாங்காது. வெயில் பட்டுப் பட்டுத் தானே சிதைந்து வெளுத்துவிடும். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்து வெயிலில் போடுங்கள். கறை முழுவதும் போகும்வரை இஸ்திரி போடக் கூடாது. சூடு கறையைத் துணியோடு பிணைத்துவிடும். நிறத்துணியும் பட்டும் கடும் வெயிலில் வெளுக்கும் என்பதால் இந்த முறை வெள்ளைப் பருத்திக்கே முழுவதும் பொருந்தும்.

குழாய்களிலும் பக்கெட்டிலும் வெள்ளையாக உப்புப் படிகிறது. எப்படி நீக்குவது? – வாசகி, திருப்பூர்

படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது புளிப்பில் கரையும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியைக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வைத்துவிட்டுத் தேய்த்தால் வந்துவிடும். கடப்பைக் கல்லிலும் பளிங்கிலும் மட்டும் புளிப்பு எதுவும் படக் கூடாது. அவையும் சுண்ணாம்புக் கல் இனமே ஆகையால் அரித்து மங்கிவிடும். வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்தானது.

வேலூரில் மாவு விடிவதற்குள் புளித்துப் பொங்கி வழியும். மகள் வீட்டுக்கு உதகமண்டலம் வந்திருக்கிறேன்; இங்கே மறுநாள் மதியம் ஆகியும் மாவு அசையவில்லை. கைப்பக்குவம் போய்விட்டதா? – வாசகி, உதகமண்டலம்

கைப்பக்குவம் அப்படியேதான் இருக்கிறது, குளிர்தான் காரணம். மாவைப் பொங்கவைப்பவை உளுந்தோடு இயற்கையாகவே வரும் நுண்ணுயிர்கள். அவற்றுள் முதன்மையானது லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. அது வெளியிடும் கரியமில வாயுவே மாவை உப்பவைக்கிறது. ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இந்த வேலை சுறுசுறுப்பாக நடக்கும். 20 டிகிரிக்குக் கீழே போகப் போக மந்தமாகிவிடும். உதகையின் இரவு அதற்கும் வெகு கீழே.

அங்கே மூன்று மாற்றங்கள் செய்து பாருங்கள். உளுந்து ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதைக் கொண்டே அரையுங்கள். ஊறும் நேரத்திலேயே நுண்ணுயிர்கள் அதில் பெருகத் தொடங்கியிருக்கும். முன்பு நன்றாகப் பொங்கிய மாவில் ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்தால் அதைப் புதுமாவில் கலந்துவிடுங்கள். கடைசியாக, மாவுப் பாத்திரத்தை, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரம்பிய அகன்ற பாத்திரத்துக்குள் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கம்பளியால் மூடிவிடுங்கள். படுக்கப் போகும்முன் ஒருமுறை வெந்நீரை மாற்றினால் விடியும்போது மாவு எழும்பியிருக்கும். உளுந்தோடு ஊறவைக்கும் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தைக் குளிர் ஊரில் விட்டுவிடாதீர்கள். அதன் வழவழப்பு, உண்டாகும் கொஞ்சம் வாயுவையும் வெளியேறவிடாமல் பிடித்து வைக்கும்.

வேலூருக்குத் திரும்பியதும் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கோடையில் கிரைண்டரின் சூடு மாவில் ஏறாதிருக்கக் குளிர்ந்த நீர் தெளித்து அரையுங்கள். அரைத்த மாவில் பாதியைப் புளிக்கவிடாமலே நேராகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுபாதியை மட்டும் வெளியே வையுங்கள். உள்ளே வைத்ததை இரண்டாம் நாள் மாலை வெளியே எடுத்தால், அடுத்த காலைக்குப் புதுமாவு போலவே பொங்கும். நான்கு நாளும் ஒரே மாவைப் புளிப்போடு தின்பதைவிட இதுவே நல்லது.

வேப்பிலை, வரமிளகாய் எல்லாம் போட்டும் பாசிப்பயறிலும் அரிசியிலும் வண்டு வருகிறது. டப்பாவை இறுக மூடியே வைக்கிறேன். – வாசகி, விருதுநகர்

வண்டு வெளியிலிருந்து வருகிறது என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். பயறு வண்டு வயலில் காய் முற்றும்போதே முட்டையிட்டுவிடும்; அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டை வைத்து மூடிவிடும். கடையிலிருந்து வரும்போதே குஞ்சு உள்ளே இருக்கிறது. இறுக மூடிய டப்பா அதைச் சிறைவைக்கிறதே தவிரக் கொல்வதில்லை. வேப்பிலையும் மிளகாயும் வெளியே நடமாடும் வண்டை விரட்டலாம். தானியத்துக்குள் இருப்பதை அவை எட்டா.

முறத்தில் பரப்பி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் பெரிய வண்டுகள் ஓடும், உள்ளே இருக்கும் புழு சாகாது. அது சாக, தானியத்தின் சூடு 50 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். விருதுநகர் வெயில் உங்களுக்குத் துணை. மொட்டைமாடியில் சாக்கை விரித்து, அதன் மேல் கறுப்புத் துணி போட்டு, பயறை மெல்லிதாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களில் கல் வையுங்கள். உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் திறந்த வெயிலைவிட மிகுதியான சூடு உள்ளே தங்கும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மாடி இல்லாதவர்கள் சிறு பொட்டலங்களாக்கி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்கலாம்.

துவரம் பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவும் பழைய வழக்கத்தையும் பாராட்டியே சொல்ல வேண்டும். அந்த மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, மேலே ஒட்டியிருக்கும் முட்டைக்குக் காற்றுப் போகவிடாமல் அடைத்துவிடுகிறது. ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். சமைக்கும்முன் வெந்நீரில் கழுவிவிடலாம்.

இரண்டை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அரிசியில் போரிக் பவுடர் கலப்பது ஒன்று. அது உணவில் சேரத் தக்க பொருளன்று. கிடங்குகளில் மூட்டைகளுக்கு வைக்கும் பூச்சிமருந்து மாத்திரையை வீட்டுக்கு வாங்கி வருவது மற்றொன்று. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு, உறங்கும் குடும்பத்தையே கொல்லக்கூடியது. யார் சொன்னாலும் அந்த மாத்திரையை வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள்.

வாழைப்பூ ஆய்ந்தால் கை கறுத்துவிடுகிறது. – வாசகி, திருச்சி

கையிலும் அரிவாள்மணையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு தொடங்குங்கள். நறுக்கியதை உடனுக்குடன் மோர் கலந்த நீரில் போடுங்கள். மோரின் புளிப்பு பூவைக் கறுக்கவிடாது. சேலையில் படும் வாழைக்கறைக்கு நல்ல மருந்தில்லை. பழைய துணியை மடியில் போட்டுக்கொள்வதே வழி.

சிலிண்டரில் எவ்வளவு எரிவாயு மிச்சம் என்று எப்படி அறிவது? சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டா? – வாசகர், நாகர்கோவில்

அடுப்பு சிறிது நேரம் எரிந்த பிறகு, நன்றாக நனைத்த துணியால் சிலிண்டரின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிடுங்கள். திரவ எரிவாயு ஆவியாகும்போது குளிர்வதால், திரவம் நிற்கும் உயரம்வரை ஈரம் மெதுவாகவும், அதற்கு மேலே விரைவாகவும் காயும். ஈரம் நிற்கும் கோடே மிச்சத்தின் அளவு. எடை போட வசதியிருந்தால் இன்னும் துல்லியம்: வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளுள் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். அது எரிவாயுவின் காலாவதி அன்று. சிலிண்டரை அடுத்துச் சோதனை செய்ய வேண்டிய தவணை. ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் முடிய. ‘பி-28’ என்றிருந்தால் 2028 ஜூன் வரை. தவணை கடந்ததைக் கொண்டுவந்தால் ஏற்காமல் திருப்பியனுப்புங்கள்.

கசிவைச் சோதிக்கத் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் கொடிய பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு. வாடை வந்துவிட்டால் மின்விசிறி, விளக்கு எதன் சுவிட்சையும் போடவோ நிறுத்தவோ கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ரெகுலேட்டரை மூடி, கதவுகளை, முக்கியமாகத் தரைவரை திறக்கும் வாசற்கதவை, அகலத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

புளி தேய்த்துப் பளிச்சென்று வைத்த குத்துவிளக்கு இரண்டே நாளில் கறுக்கிறது. பழைய பித்தளைப் பாத்திரங்களில் சமைக்கவும் ஆசை. – வாசகி, கும்பகோணம்

புளியின் அமிலம் மேலே படிந்த களிம்பைக் கரைத்துவிடுகிறது. ஆனால் அந்தப் புளிப்பு இடுக்குகளில் மிஞ்சினால் அதுவே புதிய களிம்பைத் தொடங்கிவைக்கும். ஆகவே புளிக்குப் பின் சோப்பு நீரில் கழுவி, குடிநீரில் ஒருமுறை அலசி, ஈரம் காற்றில் உலரும்வரை விடாமல் உடனே துணியால் துடைத்து, சிறிது வெயில் காட்டுங்கள்.

சமைப்பதற்கு, உட்புறம் ஈயம் பூசிய பாத்திரத்தையே பயன்படுத்த வேண்டும். பூச்சு தேய்ந்து பித்தளை தெரியும் இடத்தில் புளி, மோர், தக்காளி பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். குமட்டலும் வாந்தியும் வரும். பூசுபவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டு, நம்பிக்கையானவராகப் பார்த்துக் கொடுங்கள்; அதில் காரீயம் கலந்திருந்தால் குழந்தைகளுக்கு மிகுந்த தீங்கு. பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்; தண்ணீரோ எண்ணெயோ உள்ளே இருக்கும்போதுதான் தீயை மூட்ட வேண்டும்.